வெளிச்சம் இருக்கும்போது தூங்குகிறவர்கள்

போட்டோ ஸ்டூடியோ வைத்துப் பிழைப்பவனுக்கு வெயில்தான் முதலாளி. அந்த முதலாளி வேலைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் குழந்தைகள் தூங்கப் போகும்.

யுத்தத்துக்கு முன்னும், யுத்த காலத்திலும், அது முடிந்த பின்னும் பாலக்கரையில் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கூரையில் பாதி கண்ணாடி. எலெக்ட்ரிக் விளக்கு வைத்துப் படம் எடுக்கிற வசதியெல்லாம் எனக்குக் கிடையாது. வெயில் ஏறியதிலிருந்து சாய்கிற வரைதான் வேலை. தூங்குகிற குழந்தையை அப்படியே எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்க விடமாட்டார்கள். கண் மூடிய குழந்தையின் படம் என்றால், உயிரோடு இருந்தபோது எடுக்காமல் விட்டு, இறந்த பின் எடுத்த படம் என்றுதான் அர்த்தம். ஆகவே விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுபட்டவர்கள் நீங்கள். எழுப்பப் பாடுபட்டவன் நான். இருவரும் தோற்றது ஒரே ஆளிடம்.

கொட்டாவி

ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் ஐயங்கார் தம்பதி மூன்று மாதக் குழந்தையோடு குதிரை வண்டியில் வந்தார்கள். கணவர் கோயிலில் பாசுரம் பாடிச் சேவிப்பவர். வண்டி ஆட்டத்தில் குழந்தை தூங்கிவிட்டது. காத்திருந்தோம். விழித்தது, பசித்து அழுதது, பால் குடித்தது, குடித்த வாயோடு மறுபடி தூங்கிவிட்டது. அந்த வயதில் பகல் ஏது, இரவு ஏது? உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார்கள். காலை மட்டும் மடக்கிக்கொண்டது.

இரண்டாம் முறை கண் திறந்தபோது நான் தயாராக இருந்தேன். குழந்தை வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அதுதான் படத்தில் விழுந்தது. படம் வாங்க வந்த தகப்பனாரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "எங்க ஊர்ல பெருமாளே பள்ளிகொண்டிருக்கார். இவன் மட்டும் எதுக்குங்காணும் முழிச்சிண்டு உட்காரணும்?"

உட்கார்ந்தபடியே

எட்டு ஒன்பது மாதக் குழந்தைகள் வேறு ஜாதி. காலையில் ஒரு தூக்கம், சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம். நடுவில் உள்ள விழிப்பு முழுக்க விளையாட்டு. முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் அந்த இடைவேளைக்குச் சரியாக வந்து சேர்ந்தது. வாழைத் தோட்டக்காரர்கள், தாத்தா முதல் சித்தப்பாக்கள் வரை ஒரு படையே வந்திருந்தது. குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்தோம். சிரிக்கவைப்பதற்காக ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டினார், ஒருவர் காக்காய் மாதிரி கத்தினார், ஒருவர் பித்தளைத் தட்டைத் தட்டினார்.

நான் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுப்பதற்குள், அந்த இரைச்சலுக்கு நடுவே, உட்கார்ந்தபடியே குழந்தை தூங்கிவிட்டது. தலைகூடச் சாயவில்லை. கிலுகிலுப்பை நின்றது, தட்டு நின்றது. கோயிலில் திரை போட்டதும் கூட்டம் அடங்குமே, அப்படி ஓர் அமைதி. தாத்தா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தூக்கம் வந்துட்டா இது ராஜாங்க. நாமெல்லாம் வெளியே நிக்கணும்."

இரட்டையர்

பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஒருவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒன்றரை வயசு. அந்த வயதில்தான் காலைத் தூக்கம் கழன்று விழும். பகலில் ஒரே தூக்கமாகும். இதில் மூத்தவளுக்குக் கழன்றுவிட்டது, இளையவளுக்கு இன்னும் கழலவில்லை. காலையில் வந்தால் இளையவள் தூக்கம். மத்தியானம் வந்தால் மூத்தவள் தூக்கம். கடைசியில், மூத்தவள் கண் சொருகத் தொடங்கி இளையவள் தெளியத் தொடங்கிய அந்த இமைப்பொழுதில் எடுத்தேன். ஒரே முகம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று இந்த உலகத்தில், ஒன்று வேறெங்கோ. நானே படத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிட்டர் சொன்னார்: "வயித்துக்குள்ளயும் ரெண்டும் ஷிப்டு போட்டுத்தான் இருந்திருக்குங்க."

தோளில்

யுத்த நடுவில் தொட்டியத்திலிருந்து ஒரு சிப்பாய் மனைவியோடும் இரண்டு வயசுப் பையனோடும் வந்தார். லீவு முடிந்து அன்று சாயந்தரம் ரயில் ஏற வேண்டும். பையன் கைக்குழந்தையாக இருக்கையில் பட்டாளத்துக்குப் போனவர். இந்த லீவில்தான் பையன் அவரை அறிந்தான். அறிந்தான் என்பதும் தப்பு. அவர் தொட்டாலே வீறிட்டான். மாடியிலும் அதுதான் நடந்தது. காக்கிச் சட்டைமேல் கை பட்டதும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதான். அழுத களைப்பும் மத்தியானச் சோறும் சேர, அம்மாவின் மடியில் தூங்கிப்போனான்.

அவர் அவனை மெல்லத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பையன் முனகிவிட்டு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தான். ஒரு கை காலரைப் பிடித்துக்கொண்டது. அவர் மூச்சு விடவும் பயந்து நின்றார்.

"இப்படியே எடுத்துடுங்க சார்" என்றார், உதடு மட்டும் அசைய.

"வேணாங்க. தூங்குற புள்ளையை எடுக்கக் கூடாது. நீங்க வேற தூர தேசம் போறீங்க" என்று மனைவி பதறினாள்.

"முழிச்சா எங்கிட்ட இருக்க மாட்டானே."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "எடுங்க" என்றாள். லென்ஸ் மூடியைக் கழற்றினேன். ஆடாதீர்கள் என்று நான் சொல்லத் தேவைப்படாத படம் அது ஒன்றுதான். அவரும் ஆடவில்லை, பையனும் ஆடவில்லை. தெருவில் போன வண்டிகூட அடங்கிப் போனதாக எனக்குத் தோன்றியது.

படத்தை வாங்க அவள் தனியாக வந்தாள். பிரித்துப் பார்க்காமலே எடுத்துப் போனாள். அப்புறம் வருஷக்கணக்கில் செய்தியில்லை. தூங்குகிற பிள்ளையை எடுக்கக் கூடாது என்று அவள் பதறிய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. யுத்தம் முடிந்து ஒரு நாள் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர்தான், கொஞ்சம் நொண்டினார். கூடவே அவளும், பள்ளிக்கூடப் பையனாகிவிட்ட மகனும். பழைய படத்தை நீட்டி, இன்னொரு பிரதி வேண்டும் என்றார். நான் பையனிடம், "அன்னிக்கு அப்பா தோள்ல என்னமா தூங்கினே, தெரியுமா?" என்றேன். அவன் அப்பாவின் விரலைப் பிடித்தபடியே சொன்னான்: "தூங்கலைங்க. சும்மா கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

எத்தனையோ பெரிய மனிதர்களை "அசையாதீர்கள்" என்று அதட்டியிருக்கிறேன். தொழிலில் என்னைக் கைகட்டி நிற்கவைத்தவர்கள் இன்னும் பல் முளைத்து முடியாதவர்கள்தான்.