பௌர்ணமி நண்டு

சிகிச்சை தொடங்கிய பிறகு அக்காவுக்கு நாக்கில் எதுவும் உறைக்கவில்லை. மாங்காய் ஊறுகாயைக்கூட மண் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாள். மாதக்கணக்கில் இப்படி இருந்தவள் ஒருநாள், "கடல் ஓரமா உக்காந்து நண்டு தின்னணும்டா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆசை அடங்குவதற்குள் கூட்டிப் போய்விட வேண்டும் என்று துடித்தேன்.

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் தெருவில் சைக்கிள்கூட நகராது. கிரிவலக் கூட்டம் வருவதற்குள் ஊரை விட்டு ஓடுவது என் பழக்கம். அந்தப் பௌர்ணமிக்கும் விடியற்காலையிலேயே அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணம் போய்ச் சேர்ந்தேன்.

சவுக்குத் தோப்புக்குள் மணல் பாதை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தாள். மலையைச் சுற்றும்போது என்னைப் பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று போகிறவள் அவள். கழிமுகத்தில் கொக்குகள் நின்றிருந்தன. "இதுங்களுக்கு மட்டும் தெனமும் மீனு" என்று பொறாமைப்பட்டாள். கடல் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் நனைய வெகுநேரம் நின்றாள்.

கரையில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சமைத்துத் தரும் ஓர் அம்மாவிடம் நண்டு மசாலா சொன்னேன். மிளகும் பூண்டும் வதங்கும் வாசனையை அக்கா கண்ணை மூடி இழுத்தாள். தட்டு வந்தது. கை வைக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஐயையோ, இன்னிக்குப் பௌர்ணமிடா."

கூட்டத்துக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு, அன்றைக்கு எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது என்பது தோன்றவே இல்லை. "சாமி ஒண்ணும் சொல்லாதுக்கா, சாப்பிடு" என்று கெஞ்சினேன்.

"ஒடம்பு நல்லாகட்டும்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கேன். இப்பப் போயி தப்புப் பண்ணச் சொல்றியா?"

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. சாமி மேல்தான்.

"விடுங்க தம்பி" என்றாள் கொட்டகைக்கார அம்மா. "பௌர்ணமி நண்டுல சதை கம்மி. அமாவாசைக்கு வாங்க, கெட்டியா இருக்கும்."

"அமாவாசையும் நாங்க சாப்பிட மாட்டோமே!" என்று அக்கா சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. ரெண்டுக்கும் நடுவில் ஒரு நாள் வருகிறோம் என்று சொல்லி, வெறும் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அந்த நடு நாள் வந்தபோது அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நான் மட்டும் மரக்காணம் போய், அதே கொட்டகையில் நண்டு வாங்கி வந்தேன். நாக்கில் ஒரு துளி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மசாலாவை விரலில் தொட்டு வைத்தேன். மெல்லச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"உப்பே இல்லியேடா."

நானும் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஆமாக்கா, கம்மிதான். அடுத்த தடவ சேத்துப் போடச் சொல்றேன்" என்றேன்.