அக்கா கேட்டது வயர் வைத்தது

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னும் யாராவது பேசினால் முதல் தடவை ‘சாரி?’ என்கிறேன். இரண்டாம் தடவையும் ‘சாரி?’ என்கிறேன். மூன்றாம் தடவை, புரிந்தவன்போலச் சிரித்து வைக்கிறேன். பேருந்து ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகக் காவலாளி என்று எல்லோரிடமும் இதே கதைதான். நான் படித்ததும் ஆங்கிலம், இவர்கள் பேசுவதும் ஆங்கிலம் என்றால் ஊரில் நீங்கள் நம்பமாட்டீர்கள். போன மாதம் அந்தச் சிரிப்பும் ஒரு ஹெட்போன் கடையில் என்னைக் கைவிட்டது.

ஹெட்போன் என் அக்கா மகேஸ்வரிக்கு. தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஸ்காட்லாந்து டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவுசெய்வதைக் கேட்டு, கடிதமாகத் தட்டச்சு செய்யும் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். காதுக்குள் செருகும் ரகம் அவளுக்குப் புண்ணாக்கிவிடும். காதையே மூடும் பெரிய ரகம் வியர்க்கும். காதின்மேல் லேசாக உட்கார்ந்து, மடித்தால் கைப்பையில் அடங்குவதுதான் தோது. சாரல் காலத்தில் தென்காசியில் கரண்ட் போனால், மடிக்கணினியோடு குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். அத்தான் அங்கே ஒரு லாட்ஜில் மேலாளர், ஜெனரேட்டர் உண்டு. முன்பு நான் வாங்கிக் கொடுத்த ஹெட்போன் உடைந்துவிட்டது. ஊரில் அந்த வகை கிடைக்கவில்லை. “வரும்போது அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாலே” என்றாள்.

அதே மாதிரி! கடையில் ஒரே பெயரில் மூன்று இருந்தன. வயர் வைத்தது, வயர் இல்லாதது, வயர் இல்லாமல் வெளியே கேட்கும் சத்தத்தையும் அடைப்பது. தென்காசி என்றால் கடைக்கார அண்ணாச்சி பெட்டியைப் பிரித்து, தன் போனிலேயே பாட்டுப் போட்டு, என் காதில் மாட்டிவிட்டிருப்பார். இங்கே அட்டையில் இருப்பதைப் படித்து நாமே முடிவெடுக்க வேண்டும். இரண்டு சனிக்கிழமைகள் படித்துக் குழம்பினேன். அக்காவிடம் கேட்டால் ஒரே பதில்: “பழைய மாதிரியே போதும்லே.” செலவைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நானே முடிவுகட்டி, மூன்றாவதை வாங்கிப் பெட்டியையும் பிரித்து வீடியோவில் காட்டினேன்.

“வயரு எங்கலே?”

“இது புதுசுக்கா. வயரே வேண்டாம்.”

“ஏலே, எங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல புளூடூத்தையே அடைச்சு வச்சிருக்காங்க. தொறந்து விட்டாலும், பெடல்ல இருந்து கால எடுத்த பொறவும் அரை வார்த்தை ஓடும். அரை வார்த்தைல மருந்து மாறிரும். எத்தன தடவ சொன்னேன்? காதுல வாங்குனியா?”

நல்லது செய்யப் போனாலும் ஏச்சுதான் என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரே வரியை இருபது தடவை ஓடவிட்டுக் கேட்பாள். புரியாத சொல்லை, காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். “மனுசன் பேசுதானா, கல்ல மெல்லுதானா” என்று ஒருநாள் அழுதேவிட்டாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அந்த நோட்டை எடுத்துப்போய் நண்பர்களிடம் வாசித்துக் காட்டிச் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மாற்றப் போனபோது, “எனக்குக் காட்டிட்டு எடு” என்று அக்கா போனில் கூடவே வந்தாள். கல்லாவில் ஒரு நரைத்த மனிதர். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டியபடி மூச்சுவிடாமல் ஏதோ சொன்னார். ‘ஓப்பன்’, ‘நோ’ என்ற இரண்டு சொற்கள்தாம் பிடிபட்டன. ‘சாரி?’ என்றேன். மறுபடியும் ‘சாரி?’ என்றேன். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே ‘வீ ஒன்’ என்றார். ஜெயித்துவிட்டோம் என்று என்னைக் கேலி செய்கிறார்! சுருக்கென்றது. யார் ஜெயித்தது என்று குரலை உயர்த்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திகைத்துப்போனார்.

“ஏலே, நிறுத்து!” போனில் அக்கா கத்தினாள். “பெட்டியப் பிரிச்சுட்டதால பணம் தர முடியாது, பொருளா மாத்திக்கிடலாம்னு சொல்லுதாரு. வயர் வச்சது உள்ள சின்னதா ஒண்ணு கெடக்காம், எடுத்துட்டு வரவான்னு கேக்காரு.”

“ஜெயிச்சோம்னு சொன்னாரேக்கா?”

“வீன்னா சின்னதுலே. அந்த ஊர்க்காரங்க எதுக்கும் வீ போடுவாங்க. வீ கட்டி, வீ தையல், வீ இருமல். போன அவருகிட்ட காட்டு.”

காட்டினேன். நான் கத்தியதற்கு அக்கா முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவள் சொன்ன ஏதோ ஒன்றில் அவர் முகம் மலர்ந்தது. அதன்பின் பேச்சு அவர்கள் இருவருக்குள்தான். நான் வெறுமே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயர் வைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தவர், என் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: உன் அக்கா இங்கே எந்தப் பகுதியில் இருக்கிறார்?

அவள் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை விசா கேட்டோம்; கிடைக்கவில்லை. அதையெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்ல? ரொம்பத் தூரத்தில் என்று மட்டும் சொன்னேன். தெருவில் நடக்க நடக்க எரிச்சல் கூடியது. வாடகை கொடுப்பவன் நான். குளிரில் நடுங்குபவன் நான். பேச்சு மட்டும் அவளுக்குப் புரிகிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து, இந்தக் கடைசிப் பகுதியைக் குற்றாலத்தில் அத்தானின் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் தென்காசியில் கரண்ட் போனதும் அக்காவோடு நானும் வந்துவிட்டேன். வெளியே ஈரத்துண்டோடு ஆட்கள் போகிறார்கள். எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் அவர்களைக் கூவிக் கூப்பிடுகிறார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். “ஒரு தடவ நானும் கேக்கட்டுமாக்கா?” என்று கை நீட்டினேன்.

“தொடாத. நோயாளி விவரம். வெளியாள் கேக்கக்கூடாது.”

கொஞ்ச நேரம் கழித்து அவளே ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். “நேத்து அங்கன பேய்மழையாம்லே. நனைஞ்ச சட்டையோட வார்டுக்கு வந்தேன்னு டாக்டர் முனங்குதாரு.”

சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். சாரல் பூவாகப் படிந்தது. வருடம் முழுக்க இதற்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். ஆனால் கிளம்பும் அவசரத்தில் கிளாஸ்கோ வீட்டின் சமையலறைச் சன்னலைச் சாத்தினேனா என்பதைத் தவிர அப்போது வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை.