எல்லோருக்கும் இருபது

எங்கள் வார்டில் முப்பது பேர் படுத்திருந்தாலும் மூச்சு எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். நிமிடத்துக்கு இருபது. காய்ச்சலுக்குக் கருவி இருக்கிறது, பிரஷருக்குக் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் நெஞ்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுசாக நின்று எண்ண வேண்டும். யாருக்கு நேரம்? நான் நர்ஸாகச் சேர்ந்தபோது எல்லோரும் இருபது போட்டார்கள். நானும் போட்டேன்.

போன வருடம் வார்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. கிருமி ரத்தத்தில் பரவி உடம்பைக் குலைக்கும் செப்சிஸை அது முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுமாம். நாங்கள் பதியும் எண்களைப் பார்த்து, ஆபத்து என்றால் நோயாளியின் பெயரைச் சிவப்பாக்கும். பழைய நோயாளிகளின் பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டது என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அந்தப் பதிவுகளை எழுதியதும் எங்களைப் போன்றவர்கள்தானே.

கோச்சடையிலிருந்து ஒரு விவசாயி, காலில் சர்க்கரைப் புண்ணோடு சேர்ந்திருந்தார். காலையில் அவருக்கும் இருபது போட்டேன். பத்து மணிவாக்கில் அவர் மனைவி என் மேஜைக்கு வந்தார்.

"சிஸ்டர், இவுகளுக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குது. செத்த வந்து பாருங்க."

திரையைப் பார்த்தேன். பெயர் பச்சையில் இருந்தது. "கம்ப்யூட்டரே நல்லாருக்காருன்னு சொல்லுதுக்கா. நீங்க போங்க, வாரேன்" என்றேன் எரிச்சலோடு.

அவர் நகரவில்லை. "அது அவுகளப் பாத்துச்சா?" என்றார்.

சுருக்கென்றது. எழுந்து போய், வாட்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்து நான்கு. அதைப் பதிந்ததும் பெயர் சிவந்தது. டாக்டர் ஓடி வந்தார். ரத்தம் எடுத்து, மருந்து ஏற்றி, ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனோம்.

அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டவும் எனக்கு வாயில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், அதற்குப் போட்டது ஏட்டுச் சுரைக்காயைத்தான்.

நான்காம் நாள் அவர் பிழைத்து வார்டுக்குத் திரும்பினார். மெஷின் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர்" என்றார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"அன்னைக்குக் காலைல நான் எண்ணவே இல்லக்கா. சும்மா எழுதிட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அவர் பிடித்த கையை விடாமல் இழுத்துப்போய்க் கணவரின் நெஞ்சில் வைத்தார்.

"இப்ப எண்ணுங்க. நானும் கூடவே எண்ணுறேன்."