கயாக்கில் முன் சீட்டு, பின் சீட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு கயாக் என்கிற இருவர் துடுப்புப் படகிலிருந்து நான் அந்தமான் கடலில் விழுந்தேன். நேரத்தில் சந்தேகமே வேண்டாம்... தலை வெளியே வந்ததும் முதலில் வாட்சைத்தான் பார்த்தேன்!

இரண்டாவதாகத்தான் மனைவி கலாவை. லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, இது இன்னா வேலப்பன்சாவடி சிக்னலா? எதுக்கு அப்டி சாஞ்ச?"

நியாயமான கேள்வி. மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லிக்கு, மெட்ரோ பள்ளங்களுக்கு நடுவே தினமும் பைக் ஓட்டுகிறவன் நான். திரும்பணும் என்று நினைத்தாலே உடம்பு சாய்ந்துவிடும். பைக் திரும்பும். கயாக்? கவிழும்!

பக்கத்துக் கயாக்கில் வந்த கைடு முருகேசன், அங்கேயே பிறந்த தமிழர், எங்களை மணல்திட்டில் ஏற்றினார்.

"இன்னொரு தடவை கவுந்தா, கயிறு கட்டி நான்தான் இழுத்துட்டுப் போவேன் சார். ரூல் அது."

கலாவின் முகம் வாடிவிட்டது. 'தீவு முழுக்க நானே துடுப்பு போட்டு சுத்திட்டு வரேன்' என்று அபார்ட்மென்ட் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு வந்தவள். நூம்பலில் பிறந்து, கடலைக் கணுக்கால் அளவு மட்டுமே அறிந்தவள். கயிறு கட்டி இழுத்து வந்தால் எந்த முகத்தோடு ஊர் திரும்புவது?

"தம்பி, பின்னாடி உக்கார்றவங்கதான திருப்பணும்?"

"ஆமாக்கா."

"அப்ப எடத்த மாத்துய்யா" என்று என் பக்கம் திரும்பினாள்.

மாற்றினோம். பின்னாலிருந்து உத்தரவுகள் வந்தன. "நேரா துடுப்பு போடு. சாயாத. பேசாத. ரைட்ல பாறை கீது..."

கயாக் கோடு போட்டதுபோல் போனது! பின் சீட்டில் உட்கார்ந்தே இத்தனை வருடம் என் பைக்கை ஓட்டியவள் அல்லவா?

எனக்கோ முதல் முறையாக வேடிக்கை பார்க்க நேரம். பச்சைக் கண்ணாடித் தண்ணீர், அலையாத்தி வேர்கள், எங்களைப் பொருட்படுத்தாமல் கடந்த ஓர் ஆமை... ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்கிறான். உட்கார்ந்து வருகிறவர்தான் ஊரைப் பார்க்கிறார்.

தீவின் முனையில் ஓர் அலை வந்தது. என் உடம்பு மெல்ல இடதுபக்கம்... முதுகில் துடுப்பு குத்தியது.

"ஏய்! நிமிந்து உக்காரு!"

நிமிர்ந்தேன். அலை அடியில் போயிற்று.

எட்டு முப்பத்தைந்துக்குக் கயாக் கரையைத் தொட்டது. முழுச் சுற்று, கயிறு இல்லாமல்!

"சூப்பர்க்கா! இறங்குங்க" என்று முருகேசன் கை நீட்டினார்.

கலா அசையவில்லை.

"தம்பி, அதோ தெரியுதே அந்தத் தீவு... அது எவ்ளோ தூரம்?"