மூன்றாம் நம்பர் நோயாளி

எனக்குப் பதினோரு முறை மாரடைப்பு வந்திருந்தது. பதினொன்றும் வாயு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனப்பூர்வமாகச் செத்துப் பிழைத்தவன் என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

பன்னிரண்டாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. முந்தைய நாள் மாலை மயிலாப்பூர் குளக்கரையில் நின்றபடி ஐந்து கீரை வடை சாப்பிட்டது அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துவிட்டது. மனைவி தி. நகருக்குப் புடவை எடுக்கப் போயிருந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்து ஃப்ளாட்டில் நானும் அப்பாவும்தான்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்து ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். எட்டு வருடம் தூக்கிய பிறகு, 'கொண்டுபோய் விட்டா உள்ள என்னதான் பண்றாங்க?' என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். கூடப் படித்த பையன்கள் மீசை முளைக்கக் காத்திருந்தபோது, இவர் மீசையை முறுக்கிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு, ஒரு சினிமா கொட்டகையும் புதன்கிழமைச் சந்தையும் மட்டுமே உள்ள ஒரு சின்ன ஊரில் போர்டு மாட்டினார். நாற்பது வருடம் அங்கேயேதான்.

போர்முனையில் அடிபட்டவர்கள் மொத்தமாக வந்து இறங்கும்போது, யாரை முதலில் கவனிப்பது என்று அவர்கள் கையிலேயே எழுதிவிடுவார்களாம். அந்த ராணுவப் பழக்கத்தை அப்பா அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுவந்தார். காலையில் பெஞ்சு வரிசையில் ஒரு நடை நடப்பார். ஒவ்வொருவரின் இடது மணிக்கட்டிலும் பேனாவால் ஓர் எண். ஒன்று என்றால் உடனே உள்ளே. இரண்டு என்றால் ஒரு டீ குடிக்கும் நேரம் தாங்கும். மூன்று என்றால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனாலும் பிழைத்துக்கொள்வான். கூச்சல் போடுகிறவனுக்கு அநேகமாக மூன்றுதான். "கத்தறதுக்குத் தெம்பு இருக்குல்ல?" என்பார். ஓர் அரிசி வியாபாரி எச்சில் தொட்டுத் தன் மூன்றை அழித்து, ஒன்று என்று எழுதிக்கொண்டு வந்தார். அப்பா உற்றுப் பார்த்துவிட்டு, "கையெழுத்து என்னுது இல்லையே" என்று மறுபடி மூன்று போட்டுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்.

நான் பிறவி மூன்று. பரீட்சைக்கு முந்தின நாள் வயிற்றுவலிக்கெல்லாம் அவர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கையை மட்டும் நீட்டச் சொல்வார்.

ஒருமுறை கிளினிக்கிலேயே அவரைத் தேள் கொட்டியது. தன் கையில் தானே மூன்று போட்டுக்கொண்டு, வரிசை முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் ஊசி போட்டுக்கொண்டார். கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, "ஊருக்கெல்லாம் சரியாத்தான் போடுவார். தனக்குப் போடறப்ப மட்டும் தப்பாயிடும்" என்றாள். நான் அதில் கலந்துகொள்ளவில்லை. தேளுக்குப் பயந்து மேஜை மேல் நின்றிருந்தேன்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். இப்போது எண்பத்தொரு வயது.

அன்று காலை என் கைக்கடிகாரம் நாடித்துடிப்பு நூற்றிருபது என்றது. அதைப் பார்த்த பயத்தில் நூற்று நாற்பது ஆனது. "அப்பா! நெஞ்சு வலிக்குதுப்பா!" என்று ஹாலுக்கு ஓடினேன். பேனாவை எடுத்து வழக்கம்போல மூன்று போட்டார். வழக்கத்துக்கு மாறாக, "சட்டையைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

ஐம்பத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதே இல்லை. அப்படியானால் கையில் இருக்கும் மூன்று பொய். சாகப் போகிற பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை!

ஆட்டோவில் ஏறியதும் மனைவிக்குப் போன் போட்டேன். "நான் கிளம்பறேன்மா. பீரோ சாவி..."

"நேத்து வடை எத்தனை?"

"அஞ்சு."

"ஏப்பம் விடுங்க." வைத்துவிட்டாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "இன்னா சார், நீதான் பேஷன்ட்டா? நான் பெர்சுன்னு நென்ச்சேன். நைனா கம்முனு குந்திகினு கீறாரு, நீ இன்னாடான்னா பொலம்பிகினே வர்ற."

அடையாறு பாலம் முழுக்கப் புலம்பினேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை உடனே படுக்க வைத்து ஒயர் மாட்டினார்கள். சத்தத்துக்கு அங்கே மரியாதை இருந்தது. ஈ.சி.ஜி. சீட்டைப் பார்த்த நர்ஸ், "நார்மலா இருக்கு சார். வாயுதான்" என்றார். மறுபிறவி எடுத்த தெம்பில், "கேட்டீங்களாப்பா, வாயுவாம்" என்று திரும்பினேன்.

இந்த இடத்தில் அவர் என்னைக் கிழித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி குளிரில் நெற்றியெல்லாம் வேர்வை. எப்போதும் முழங்கை வரை மடித்து விடுகிறவர், அன்று சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். ஒயரோடு இறங்கிப் போய் அந்தப் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே பேனாவால் ஓர் எண். இரண்டு.

"சிஸ்டர்! இவரைப் பாருங்க!"

"அவர் ஒண்ணும் சொல்லலையே சார்."

"அவர் சொல்ல மாட்டார்! ரெண்டு போட்டிருக்கார்!"

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். "ரெண்டுன்னா?"

"தேள் கொட்டினப்பவே மூணுதான் போட்டுக்கிட்டார் டாக்டர்!"

டாக்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அப்பாவின் நாடியைப் பிடித்ததும் முகம் மாறியது. நான் காலி செய்த அதே கட்டிலில் அவரை ஏற்றினார்கள். கதவு மூடிய பிறகு நான் கத்தவில்லை. கத்த முடியவில்லை. நர்ஸ் போன் செய்து வரவழைத்த மனைவி புடவைப் பையோடு வந்து நின்றபோதுகூட எனக்கு வாய் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த மாத்திரத்தில் பயந்துவிட்டாள்.

முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். "நல்லவேளை, சரியான நேரத்துல அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டர். யார் யாரைக் கூட்டி வந்தது என்று நான் திருத்தவில்லை.

மறுநாள் பார்க்க விட்டார்கள். "வலின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?" என்றேன்.

"சொன்னா நீ மயங்கி விழுந்திருப்ப. அப்புறம் உன்னை யாருடா தூக்கறது? நான் ஸ்ட்ரெச்சர் தூக்கறதை விட்டு ரொம்ப வருஷமாச்சு." பிறகு அவரே சொன்னார்: "ஆனா நான் போட்ட நம்பர் தப்பு. ஒண்ணு போட்டிருக்கணும்."

அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஊசி குத்தாத இடது கையை மெதுவாக என் பக்கம் நீட்டினார். "இனிமே எனக்கு நீ போடு."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். நான் போட்ட மூன்று புழு மாதிரி நெளிந்தது.

அப்பா மணிக்கட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "நிச்சயமா மூணுதானா?"

"மூணுதாம்ப்பா. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

"அப்ப எதுக்குடா அழற?" என்றார்.