பெட்டி வாசித்த கிட்டார்

கோந்த்வாவில் ஒரு மாடி அறையில் எங்கள் பேண்ட் ஒத்திகை பார்க்கும். பட்டனை மிதித்தால் விதவிதமான ஆம்ப்ளிஃபயர்களின் ஓசையைத் தரும் டிஜிட்டல் பெட்டி ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு நான் கிட்டார் வாசித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஏற்ற டோனை வாரக்கணக்கில் திருகித் திருகி அதில் சேமித்திருந்தேன்.

எங்கள் பாடகன் கோயம்புத்தூர்க்காரன், என் ஆபீஸில்தான் வேலை. என்னைக் கழற்றிவிட்டு வேறொருவனைச் சேர்த்துக்கொண்டான். "பெட்டிதான்டா வாசிக்குது, நீ சும்மா மிதிக்கறே" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். மறுவாரமே, கூச்சமில்லாமல், கச்சேரிக்கு அதே பெட்டியை இரவல் கேட்டு வந்து நின்றான்.

கொடுத்தேன். கொடுக்குமுன் நான் சேமித்த அத்தனையையும் அழித்து, கடையில் வாங்கியபோது இருந்தபடி ஆக்கிவிட்டேன். அழிக்கும்போது மனசு குளிர்ந்தது.

வானவடிக் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல எதிரொலித்தது. புதியவன் பட்டன் பட்டனாக மிதித்தான். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசம். பாட்டை நிறுத்திவிட்டு, பாடகன் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கறே?"

"நான் என்ன பண்ணேன்? பெட்டிதானே வாசிக்குது" என்றேன். "அவனை மிதிக்கச் சொல்லு."