அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை

ஹவியேர் ஓலாசோ முதன்முதலாக வீட்டுக்கு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது, இம்மாகுலேற் அவனுடைய பாதங்களைத்தான் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு அது பழகிப்போன பார்வை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் எல்லாரும் சுகம் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பையனுக்கு வயது இருபத்திரண்டு, குதிக்காலுக்கு அறுபது. தோல் தடித்து வெடித்திருந்தது. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்துப்போயிருந்தன.

"உதுக்கு மருந்து போடுறேல்லையோ?" என்று கேட்டாள்.

"போட்டால் மட்டும்?" என்றான் அவன். "நாளைக்குத் திரும்ப ஆடவேண்டும்."

இருவரும் பேசியது ஆங்கிலம். இருவருக்கும் அது இரவல் மொழி என்பதால் தேவைக்கு மேல் யாரும் செலவழிக்கவில்லை.

அது 1983ஆம் ஆண்டு ஜூன் மாதம். பூசை முடிந்ததும் பங்குக் குருவானவர் ஓர் அறிவித்தல் சொல்லியிருந்தார். விம்பிள்டன் தகுதிச்சுற்றில் ஆட ஸ்பெயினிலிருந்து ஒரு பையன் வருகிறான், கொட்டேலில் தங்க வசதியில்லை, யாராவது அறை கொடுப்பீர்களா என்று. லண்டன் சட்டனில் இம்மாகுலேற்றின் வீட்டு மேலறை சும்மா கிடந்தது. கணவர் செபமாலைமுத்து இரண்டு வருடங்களுக்கு முன் பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. அவள் கையை உயர்த்தினாள். அதில் இரக்கம் ஒன்றும் இல்லை. பூட்டிக் கிடக்கும் அறையில் ஈரம் ஏறும் என்பது அவளுடைய கணக்கு.

பெயரில்தான் முதல்நாள் சிக்கல் வந்தது. அவள் எழுத்துக்கூட்டச் சொன்னாள். அவன் சொன்னான். அது ஓர் ஊரின் பெயரும்கூட, தன்னுடைய ஊருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு கோட்டை இருக்கிறது, அங்கே பிறந்த ஒரு புனிதர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார் என்றான்.

இம்மாகுலேற் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"சவேரியாரோ?"

அவள் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவள். அவளுடைய தமையன் சவேரி, சித்தப்பன் சவேரி, கடலில் போன மைத்துனன் ஒருவனும் சவேரி. உலகத்தின் மறுகரையிலிருந்து வந்த இந்த நெடிய வெள்ளைப் பையனும் சவேரிதான் என்றால் அவனைப் புதிதாகப் பெயர் சொல்லிப் பழகத் தேவையில்லை. அன்றிலிருந்து அவன் அந்த வீட்டில் சவேரி. அவன் அவளை 'செஞோரா' என்றான். ஸ்பானிய மொழியில் அம்மா என்று மரியாதையாக அழைப்பது அப்படித்தானாம்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள், "நீ எத்தனையாவது ஆட்டக்காரன்?"

"உலகத்தில் இருநூறுக்குக் கிட்ட."

"உலகத்தில இருநூறாவது டொக்டர் எண்டால் பெரிய வீடு கட்டியிருப்பான்."

"இருநூறாவது டென்னிஸ்காரன் தன்னுடைய காலுறையைத் தானே தோய்ப்பான், செஞோரா."

உண்மைதான். குளியலறைக் கம்பியில் புல்லின் பச்சை ஏறிய காலுறைகள் வரிசையாகத் தொங்கின. அவன் செம்மண் தரையில் ஆடி வளர்ந்தவன். செம்மண்ணில் பந்து நின்று எழும்பி வரும், ஓடிப்போய் எடுக்க நேரமிருக்கும். புல்லில் அது வழுக்கிக்கொண்டு காலடியில் போகும். விம்பிள்டனுக்குள் நுழைய, முதலில் ரோஹாம்ப்டன் மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் வெல்ல வேண்டும். அவன் அந்த வருடம் முதலாவதிலேயே தோற்றான். ராக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு போனான். அடுத்த ஜூனில் வந்தான், தோற்றான், போனான். இப்படியே ஒவ்வொரு ஜூனும்.

மற்ற மாதங்களில் எங்கே என்று கேட்டால், பெயர் தெரியாத சிறு பட்டினங்களின் பெயர்களைச் சொல்வான். இரவு ரயில், மலிவான அறை, காலையில் ஆட்டம், மாலையில் மறுபடி ரயில். யாரோடு கதைப்பாய் என்று ஒருமுறை கேட்டாள். சிறிது யோசித்துவிட்டு, "சுவரோடு," என்றான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பந்தைச் சுவரில் அடித்துப் பயிற்சி எடுப்பதைச் சொன்னான். இம்மாகுலேற்றுக்கு விளங்கியது. அவளும் வேலையில் நாளெல்லாம் பேசினாள். பேசியதெல்லாம் காது கேளாதவர்களோடும் நினைவு தப்பியவர்களோடும்.

அதனால் இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். அவள் வெங்காயம் உரிப்பாள். அவன் ராக்கெட் கைப்பிடிக்குப் புதுத்துணி சுற்றுவான். வருடத்தில் இரண்டு கிழமை வீட்டுக்குள் இன்னொரு மூச்சு இருக்கும். ஜூலையில் அது போய்விடும். இரண்டு கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கும் பழக்கம் போக அவளுக்கு ஆகஸ்ட் முழுவதும் வேண்டியிருந்தது.

கோயில் மண்டபத்தில் பெர்னடெற் சும்மா இருக்கமாட்டாள். இருவரும் ஒரே கப்பல்காரக் குடும்பத்தில் கலியாணம் செய்தவர்கள். அந்த உரிமை.

"என்ன இம்மா, உன்ர ஸ்பெயின்காரன் இந்த முறையும் கவிண்டு போனானாமே?"

"ஓம். உன்ர மனுசன் குதிரைக்குக் காசு கட்டிற மாதிரித்தான். விடாமல் வாறான்."

"ஆம்பிளையை வீட்டில வைச்சிருக்கிறாய், சனம் என்ன சொல்லும்?"

"அவன்ர காலைப் பார்த்தால் சனம் ஒண்டும் சொல்லாது. வந்து பாரன்."

1986இல் தமையனின் மகன் அருள்நேசன் வந்து சேர்ந்தான். மன்னாரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து எங்கெங்கோ, கடைசியில் ஹீத்ரோ. அகதி விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது. வேலை செய்ய அனுமதியில்லை. ஆனாலும் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்தான். பகலில் மாடிப் பின்னறையில் தூங்கினான். இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ் வீட்டுக்குத் தொலைபேசியில் யாரோ பெயர் சொல்லி விசாரித்து, மறுநாள் அதிகாரிகள் வந்து ஆளைக் கொண்டுபோனார்கள் என்று கதை வந்தது. இம்மாகுலேற் அன்றே வீட்டுக்குச் சட்டம் போட்டாள்.

"தம்பி, போன் அடிச்சால் நீர் எடுக்கவேண்டாம். நான் எடுப்பன். ஆர், ஆரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை."

"உங்களையே கேட்டால், மாமி?"

"முதல்ல இல்லையெண்டுதான் சொல்லுவன். பிறகு யோசிப்பன்."

நோயாளியைத் தூக்கும்போது முதுகை நேராக வைப்பது போல அது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. யோசிக்காமல் வந்தது.

1989இல் ஹவியேர் வந்து மேசையருகே நின்று சட்டை மாற்றியபோது அவள் கவனித்தாள். வலக்கையை முதலில் நுழைத்தான், இடக்கையைக் கடைசியில். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்களுக்கு அவள் அப்படித்தான் உடுத்திவிடுவாள். நோவுள்ள கைதான் முதலில் உள்ளே போகவேண்டும்.

"தோள் எவ்வளவு நாளாய்?"

"ஒன்றுமில்லை."

"என்னட்டை உந்தக் கதை வேண்டாம்."

"குளிர்காலம் தொடக்கம். வெட்டவேண்டும் என்கிறார்கள். வெட்டினால் ஆட்டம் முடிந்தது. வெட்டாவிட்டாலும் இந்த வருடத்தோடு முடிந்ததுதான்." பிறகு சொன்னான், "ஒரேயொரு தடவை, செஞோரா. உள்ளே போய் ஒரு ஆட்டம். தோற்றாலும் சரி. பலகையில் பெயர் இருந்தால் போதும்."

அவள் சுடுதண்ணீர்ப் பையை நிரப்பித் தோளில் வைத்தாள். வேறு செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை.

அந்த வருடம் அவன் முதல் ஆட்டத்தை வென்றான். இரண்டாவதையும் வென்றான். மூன்றாவதில் ஐந்து செற் வரை இழுத்துத் தோற்றான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பெரிய ஆட்டக்காரர் யாராவது காயம்பட்டு விலகினால், கடைசிச் சுற்றில் தோற்றவர்களில் ஒருவனைக் கூப்பிடுவார்களாம். அதற்கு 'லக்கி லூசர்' என்று பெயர்.

"தோத்தவனுக்கு என்ன அதிர்ஷ்டம்?" என்றாள் இம்மாகுலேற்.

"அதுதான் எங்கள் தொழில்," என்றான் அவன்.

அடுத்ததாகக் கூப்பிட வேண்டியவன் அவன்தான். வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். கூப்பிட்டால் உடனே பதில் சொல்லவேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அடுத்தவனிடம் போய்விடுவார்கள். ஞாயிறு முழுவதும் மாடிப்படியில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தான். திங்களும் இருந்தான். அது அடிக்கவில்லை. செவ்வாய் காலை அவள் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது அவனுடைய முகம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது.

"போய்க் கால் கையை அசைச்சிட்டு வா," என்றாள். "பூங்கா பக்கத்திலதானே. நான் இருக்கிறன். போன் வந்தால் ஓடிவந்து கூப்பிடுறன்."

அவன் போனான். அவள் சீருடையைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்தாள். ஓர் இரவு முழுவதும் கண் மூடாதவள். மாடிப் பின்னறையில் அருள்நேசனின் குறட்டை கேட்டது.

தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"காலை வணக்கம்," என்றது சுத்தமான ஆங்கிலத்தில் ஓர் ஆண்குரல். அரசாங்கக் குரல். "மிஸ்டர் ஜேவியர் ஒலேஸோ என்று ஒருவர் இந்த விலாசத்தில் வசிக்கிறாரா?"

"இல்லை. அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை," என்றாள் இம்மாகுலேற். வைத்துவிட்டாள்.

வைத்த கை தொலைபேசியிலேயே இருந்தது. ஜேவியர். வெள்ளைக்காரன் வாயில் ஜேவியர். ஹவியேர். சவேரி. பெயர் அந்த வழியாக அவளிடம் வந்து சேர்ந்தபோது குரல் போய்விட்டிருந்தது. திருப்பி எடுத்துக் "கலோ, கலோ" என்றாள். எந்த நம்பருக்கு அடிப்பதென்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுச் செருப்போடு பூங்காவுக்கு ஓடினாள். ஐம்பது வயதில் அவள் ஓடியதைத் தெருவில் நின்று பார்த்தார்கள். அவன் கழிப்பறைக் கட்டடத்தின் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான்.

"போன் வந்தது," என்றாள். சுற்றிவளைக்கவில்லை. "நீ இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஓடினான். அவள் மூச்சு வாங்கி வீட்டை அடைந்தபோது அவன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். "ஆம்," என்றான். "விளங்குகிறது. நன்றி." மெதுவாக வைத்தான். அடுத்தவன் மைதானத்திலேயே, சட்டை மாற்றும் அறையில் நின்றிருக்கிறான். சரி என்றுவிட்டான்.

சத்தம் கேட்டு அருள்நேசன் இறங்கி வந்தான். மாமியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"என்னாலதானே, மாமி?"

"உம்மால இல்லை. என்ர வாயால."

ஹவியேருக்கு அவள் விளக்கினாள். இந்த வீட்டில் யார் யாரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதே சட்டம், அதைப் போட்டவள் தான்தான், அதைப் பிழையில்லாமல் செய்தவளும் தான்தான் என்றாள். மன்னிப்புக் கேட்டாள், ஒரே தடவை. அதற்கு மேல் கேட்டால் அவனே அவளைத் தேற்றவேண்டி வரும். அது நியாயமில்லை.

அவன் படியில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான். நெடுநேரம் எடுத்தான். பிறகு அருள்நேசனைப் பார்த்தான்.

"ஆக, இவரும் இங்கே இல்லை."

"இல்லை," என்றாள் இம்மாகுலேற்.

"நானும் இல்லை."

"இல்லை."

"அப்படியென்றால் அந்தச் சோறெல்லாம் யார் தின்கிறது, செஞோரா?"

அருள்நேசன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் எழுந்து போய் உலை வைத்தாள். மூவரும் சாப்பிட்டார்கள். மறுநாள் ஹவியேர் ராக்கெட்டுகளை இடத்தோளில் மாட்டிக்கொண்டு போனான். வாசலில் அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்தான். கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுடைய பாதங்கள் சப்பாத்துக்குள் இருந்தன.

அடுத்த ஜூனில் அவன் வரவில்லை. வரமாட்டான் என்று தெரிந்தும் அவள் அறையைக் கூட்டிக் கழுவி வைத்தாள். "வாடகைக்கு விடன்டி," என்றாள் பெர்னடெற். "ஈரம் ஏறப்போகுது எண்டு நீதானே சொல்லுறனீ?" இம்மாகுலேற் வேறு கதை எடுத்தாள். அருள்நேசனுக்கு வதிவுரிமை கிடைத்தது. ஒரு கலியாணமும் கிடைத்தது. மனைவியோடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் போய்விட்டான். மறைத்துவைக்க வீட்டில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். ஜூன் வந்தால் தொலைக்காட்சியில் புல்தரை தெரியும். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெங்காயம் உரிப்பாள்.

1994ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் ஒரு காலை தொலைபேசி அடித்தது.

"காலை வணக்கம். மிஸ்டர் ஜேவியர் ஒலேஸோ இந்த விலாசத்தில் வசிக்கிறாரா?"

"ஓம்! ஓம், இருக்கிறார்!" என்று கத்தினாள். அவசரத்தில் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவினாள். "வைக்கவேண்டாம், ஐயா. இப்ப கூப்பிடுறன்." மாடிப்படியை நோக்கித் திரும்பி, "சவேரீ!" என்று குரல் கொடுத்தும்விட்டாள்.

மேலே கதவு திறந்து கிடந்தது. கம்பளம் நன்றாகத் துடைத்திருந்தது.

தொலைபேசிக்குள் யாரோ சிரித்தார்கள். கொஞ்சநேரம் சிரித்துவிட்டு நின்றார்கள்.

"செஞோரா," என்றான். "இந்த முறை சரியாகச் சொன்னீர்கள்."

தோளை வெட்டியாயிற்று, ஊரில் இரண்டு செம்மண் தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன் என்றான். கலியாணம் செய்யவில்லை. புனிதரின் கோட்டை பஸ்ஸில் பக்கம்தான், வந்து பாருங்கள் என்றான். ஷிப்ட் மாற்ற ஏலாது என்றாள் அவள். பாதம் எப்படி என்று கேட்டாள். முன்னைக்குப் பரவாயில்லை என்றான். இருவரும் சிறிதுநேரம் மறுபக்கத்து மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். தூர அழைப்பு, காசு போகிறது என்று சொல்லி அவள்தான் வைத்தாள்.

அடுத்த கிழமை மேலறையை வாடகைக்கு விட்டாள். சந்திரவதனா என்று ஒரு பிள்ளை, நேர்ஸ் படிப்புக்கு வந்தவள். பெட்டியை வைத்துவிட்டுச் சட்டதிட்டம் ஏதும் உண்டோ, அன்ரி, என்று கேட்டாள்.

"ஒண்டே ஒண்டுதான், பிள்ளை," என்றாள் இம்மாகுலேற். "உம்மட பேரை வெள்ளைக்காரன் எப்பிடிச் சொல்லுவான்? ஒருக்காச் சொல்லிக் காட்டும்."

பிள்ளை விழித்தாள். பிறகு கூச்சத்தோடு சொல்லிக் காட்டினாள்.

"இன்னொருக்கா," என்றாள் இம்மாகுலேற்.